கோலாலம்பூர்–லண்டன் தடத்தில் அகல உடல் விமானங்கள்: வடிவமைப்பின் விலை குறித்து ஓர் ஆய்வு

1. ஆய்வின் எல்லை

கோலாலம்பூரிலிருந்து லண்டன் ஹீத்ரோவுக்கு வான்வழித் தூரம் ஏறத்தாழ 10,600 கிலோமீட்டர். பயண நேரம் பதின்மூன்று, பதினான்கு மணி. பிரிக்பீல்ட்ஸின் கேஎல் சென்ட்ரலில் விரைவு ரயில் ஏறி 28 நிமிடத்தில் சிப்பாங் போய் இறங்கும் பயணிக்கு, அங்கே காத்திருக்கும் விமானம் எந்த வகை என்பது பயணச்சீட்டில் ஒரு சிறு வரி. வாங்கிய நிறுவனத்துக்கு அது பல ஆண்டுக் கடன்.

கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர்களில் பெரும்பாலோர் அடிக்கடி பறப்பது சென்னைக்கும் திருச்சிக்கும்தான். நான்கு மணிநேரத்தை ஒட்டிய அந்தப் பயணங்களுக்கு ஒற்றை நடைபாதை விமானமே பெரும்பாலும் போதும். எனவே அவை இங்கே இடம்பெறவில்லை. இங்கிருந்து நெடுந்தூரம் பறந்த போயிங் 777-200இஆர், ஏர்பஸ் ஏ340, ஏ380, ஏ350-900, இப்போது வந்து சேரும் ஏ330நியோ ஆகியவற்றையும், பேச்சளவில் நின்றுபோன போயிங் 787-ஐயும் இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

என் வாதம் இது: இவற்றில் பலவும் வேறு ஏதோ ஒரு நகரத்தின் நெருக்கடிக்கு விடையாக வரையப்பட்டவை. அந்த விடைகளின் எடையைச் சிப்பாங்கிலிருந்து எழும்பிய விமானங்கள் சுமந்தன. ஏ380 திரும்பிப் போனதற்கும், அதைவிட ஆடம்பரம் குறைந்த ஏ330நியோ பின்னர் வந்ததற்கும் காரணத்தை நிர்வாகத் திறமையில் தேடுவோர் பலர். அதில் ஒரு பங்கு உண்மை இருக்கலாம். பெரும்பங்கு வரைபடத்திலேயே இருந்தது.

2. தூரம்: சுபாங்கில் முடிந்த சாதனை

1997 ஏப்ரல் முதல் நாள் மலேசியா ஏர்லைன்ஸின் (மாஸ்) புதிய 777-200இஆர் ஒன்று சியாட்டிலின் போயிங் ஃபீல்டிலிருந்து புறப்பட்டுக் கிழக்கு நோக்கிப் பறந்தது. எங்கும் இறங்காமல் 20,044 கிலோமீட்டர் கடந்து, 21 மணி 23 நிமிடத்தில் கோலாலம்பூரை அடைந்தது. சிப்பாங் விமான நிலையம் திறக்க இன்னும் ஓராண்டுக்கு மேல் இருந்த காலம். விமானம் தொட்டது அன்றைய நிலையமான சுபாங்கின் ஓடுபாதையை. நிற்காமல் அதிக தூரம் பறந்த பயணிகள் விமானம் என்ற உலக சாதனையை 2005 வரை அது வைத்திருந்தது.

அந்தப் பறப்பில் கட்டணப் பயணிகள் இல்லை, சரக்கும் இல்லை. அதே விமானத்தில் பயணிகளை நிரப்பினால் வீச்சு சுமார் 13,000 கிலோமீட்டருக்குச் சுருங்கிவிடும். காரணம் எளியது. எழும்பும்போது விமானம் சுமக்கக்கூடிய மொத்த எடைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. 777-200இஆருக்கு அது சுமார் 297 டன். வெற்று எடை போக மிஞ்சுவதைப் பயணிகளும் சரக்கும் எரிபொருளும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். எரிபொருளைச் சுமக்கவும் எரிபொருள் எரிகிறது. பதின்மூன்று மணிநேரப் பறப்பில் கூடுதலாக ஏற்றும் ஒரு டன் எரிபொருளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், அந்த டன்னைத் தூக்கிச் செல்வதற்கே செலவாகிவிடும்.

இங்கே கோலாலம்பூரின் புவியியலைப் பார்க்க வேண்டும். மெல்பர்ன், சிட்னி 6,300 முதல் 6,600 கிலோமீட்டர். ஆக்லாந்து 8,700. பிராங்பர்ட், ஆம்ஸ்டர்டாம், பாரிஸ், லண்டன் எல்லாம் 10,000-க்கும் 10,600-க்கும் இடையில். அதற்கப்பால் பெரிய சந்தை என்று சொல்லத்தக்கது லாஸ் ஏஞ்சலிஸ். தூரம் சுமார் 14,100. நியூயார்க் 15,000-ஐத் தாண்டும். அதாவது 11,000-லிருந்து 14,000 வரை நமக்கு ஏறக்குறைய வெற்றிடம். 777-இன் 13,000 கிலோமீட்டர் வீச்சு சரியாக அந்த வெற்றிடத்துக்குள் விழுந்தது. லண்டனுக்கு வேண்டியதைவிட அதிகம், அமெரிக்காவுக்குப் போதாது. அதனால்தான் லாஸ் ஏஞ்சலிஸ் பறப்பு தோக்கியோ வழியாகவும், நியூயார்க்கை அடுத்த நியூவார்க் பறப்பு ஸ்டாக்ஹோம் வழியாகவும் போயின. நியூவார்க் 2009-லும் லாஸ் ஏஞ்சலிஸ் 2014-லும் நின்றன. அந்தக் கூடுதல் வீச்சுக்காகப் பெருத்த எரிபொருள் தொட்டிகளும் சக்கர அமைப்பும் மட்டும் ஒவ்வொரு லண்டன் பறப்பிலும் கூடவே பயணம் செய்தன.

777 மோசமான விமானம் என்று இதைப் படிக்கக் கூடாது. 1990-களில் இரண்டு எஞ்சினோடு அந்தத் தூரத்தையும் சுமையையும் தரும் வேறு விமானம் இல்லை.

3. பருமன்: ஆறு ஏ380கள்

3.1 கப்பலின் கணக்கு வானில் செல்லாது

போர்ட் கிள்ளானில் ஆண்டுக்காண்டு பெரிதாகும் கொள்கலன் கப்பல்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, பெரிய விமானம் என்றால் தலைக்கு ஆகும் செலவு குறையும் என்று தோன்றுவது இயல்பு. கப்பலின் எடையைக் கடல் இலவசமாகத் தாங்குகிறது. கப்பல் பெரிதாகும்போது கொள்ளளவு கூடும் வேகத்தில் நீரின் தடை கூடுவதில்லை. விமானமோ ஒவ்வொரு கிலோவையும் காற்றைக் கீழே தள்ளித் தூக்க வேண்டும். எல்லா அளவுகளையும் இருமடங்காக்கினால் இறக்கையின் பரப்பு நான்கு மடங்குதான். பொருளின் கனம் எட்டு மடங்கு. பெரிய விமானத்தின் இறக்கை வேர் அதற்கேற்பத் தடித்தாக வேண்டும். பொறியாளர்கள் இதைப் பல வழிகளில் சமாளிக்கிறார்கள்; தப்ப முடிவதில்லை.

மலேசியா ஏர்லைன்ஸ் 2012 மே மாதம் முதல் ஏ380-ஐப் பெற்று ஜூலை முதல் நாள் லண்டனுக்கு அனுப்பியது. அடுத்த ஆண்டு மார்ச்சில் அதற்கு வந்த ஆறாவது, உலக அளவில் ஒப்படைக்கப்பட்ட நூறாவது ஏ380. இருக்கைகள் 494: முதல் வகுப்பு 8, வணிக வகுப்பு 66, சாதாரண வகுப்பு 420. மேல்தளத்துச் சாதாரண வகுப்பைச் சிறுவர் இல்லாப் பகுதியாக அறிவித்தது அப்போது உலகச் செய்தியானது. ஏ380-இன் வெற்று எடை சுமார் 277 டன். இருக்கைக்கு 560 கிலோ. அதன் இடத்தை லண்டன் தடத்தில் 2018-இல் எடுத்த ஏ350-900 சுமார் 142 டன், 286 இருக்கை. இருக்கைக்கு ஏறத்தாழ 500 கிலோ. இத்தனைக்கும் மாஸ் தன் ஏ350-இல் இருக்கைகளைத் தாராளமாக இடம் விட்டே போட்டிருந்தது.

3.2 எண்பது மீட்டர் பெட்டி

ஏ380-இன் கனத்துக்கு இன்னொரு காரணம் வெளியிலிருந்து வந்தது. விமான நிலையங்கள் அதற்கு ஒதுக்க ஒப்புக்கொண்ட இடம் எண்பது மீட்டருக்கு எண்பது மீட்டர். இறக்கையின் முனைக்கு முனை அளவு 79.8 மீட்டரில் நிறுத்தப்பட்டது. அந்த எடைக்கு ஏற்றது இன்னும் நீண்ட, மெலிந்த இறக்கை. அது கிடைக்காததால் அகலத்தைக் கூட்டிப் பரப்பை ஈடுகட்டினார்கள். பரப்பு 845 சதுர மீட்டர். நீளத்துக்கும் அகலத்துக்குமான விகிதம் ஏழரை அளவில் நின்றது. ஏ350-இல் அது ஒன்பதரையை ஒட்டியது. குட்டையான, அகன்ற இறக்கை அதே எடையைத் தூக்க அதிக இழுவையைத் தருகிறது. போதாததற்கு, பின்னால் வரப்போகிறது என்று எதிர்பார்த்த இன்னும் நீளமான ஏ380-க்கும் சேர்த்தே இறக்கையை வரைந்தார்கள். அந்த நீள வகை வரவே இல்லை. வராத விமானத்தின் இறக்கையை வந்த விமானம் சுமந்தது.

ஒலி இன்னொன்று. ஹீத்ரோவின் இரவு ஒலிக் கட்டுப்பாட்டுக்கு அடங்க வேண்டும் என்பதற்காக எஞ்சினின் விசிறியைப் பெரிதாக்கினார்கள். எடையும் இழுவையும் சற்றுக் கூடின, விமானம் அமைதியானது. ஹீத்ரோவை ஒட்டி வாழ்பவருக்கு அது நன்மை. எண்ணெய்ப்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த சிப்பாங்கில் அந்தக் கேள்வியை எழுப்ப ஆள் இல்லை.

ஆக, ஏ380 ஹீத்ரோவின் விமானம். ஆண்டுக்கு 4,80,000 பறப்புகள் என்ற உச்சவரம்புக்குள் நெருக்கடியில் இயங்கும் நிலையத்தில், ஓர் இறங்கும் அனுமதியில் ஐந்நூறு பேரைக் கொண்டுவருவது பொருளுள்ள செயல். சிப்பாங்கில் நான்கு கிலோமீட்டர் ஓடுபாதைகள் தொடக்கத்திலேயே இரண்டு. 2014-இல் மூன்றாவதும் வந்தது. நெருக்கடி தடத்தின் ஒரு முனையில் மட்டும் இருந்தது. விலையை இரு முனையிலும் கொடுக்க வேண்டியிருந்தது.

3.3 வயிற்றில் மிஞ்சும் இடம்

சரக்குக் கணக்கை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. ஏ380-இன் அடிவயிற்றில் வழக்கமான கொள்கலன்கள் 38 கொள்ளும். ஏ350-900-இல் 36. வெளித்தோற்றத்துக்கு மாறாக வேறுபாடு வெறும் இரண்டு. இனி பெட்டிகளைப் பாருங்கள். ஒரு கொள்கலனில் நாற்பது பெட்டி என்று தோராயமாக வைத்துக்கொள்வோம். ஆளுக்கு இரண்டு பெட்டி என்றால் (படிக்கப்போகும் பிள்ளையை வழியனுப்பும் எந்தக் கிள்ளான் குடும்பமும் இதைக் குறைவு என்றே சொல்லும்), ஏ380-க்கு 25 கொள்கலன் பெட்டிகளுக்கே போய்விடும், மிஞ்சுவது 13. ஏ350-க்கு 15 போக 21 மிஞ்சும். பாதி எடையுள்ள விமானம், காசு தரும் சரக்குக்கு ஒன்றரை மடங்குக்கு மேல் இடம் தருகிறது. மேல்தளம் ஒன்றைக் கூட்டும்போது அதற்குச் சமமாக அடித்தளம் கூடுவதில்லை. இரண்டு தள வடிவத்தின் பிறவிக் குறை இது.

பாரிஸ் தடம் 2016-இல் நின்ற பிறகு ஏ380-க்கு லண்டனைத் தவிர நிலையான வேலை இல்லாமல் போனது. 2020 தொற்றுக்காலத்தில் தரையில் நின்றவை 2022 இறுதியிலிருந்து ஏர்பஸிடமே திரும்பின. பத்தாண்டு என்பது ஓர் அகல உடல் விமானத்துக்கு நடுவயதுகூட இல்லை.

4. கார்பன் இழையும் மின்னலும்

ஏ350-இன் கட்டமைப்பில் எடைக்கணக்கில் பாதிக்கு மேல் கார்பன் இழைக் கூட்டுப்பொருள். வெப்பமும் ஈரமும் ஓயாத இந்நாட்டில் அலுமினியத்துக்கு வரும் அரிப்பு அதற்கு வராது; பெரிய பராமரிப்புச் சோதனைகளுக்கிடையே இடைவெளி நீள்கிறது. தோல் தளர்ச்சியைப் பொறுக்கும் என்பதால் உள்ளே காற்றழுத்தத்தையும் கூட்டி வைக்கலாம்: அலுமினிய விமானங்களில் பயணி உணரும் உயரம் 8,000 அடி வரை போகும், இதில் 6,000 அடி. பதினான்கு மணிநேரத்துக்குப் பின் இறங்கும்போது தலைவலி குறைவு என்று பயணிகள் சொல்வதற்கு இதுவே அடிப்படை.

கொடுத்தது என்ன? மின்னல். அலுமினியம் மின்னோட்டத்தை எளிதில் கடத்தித் தோல் வழியே வெளியேற்றிவிடும். கார்பன் கூட்டுப்பொருள் அவ்வளவு நன்றாகக் கடத்தாது. அதனால் வண்ணப்பூச்சுக்கு அடியில் மெல்லிய செம்பு வலை ஒன்றைப் பதிக்கிறார்கள். எடையில் மிச்சம் பிடித்ததில் ஒரு பகுதி அங்கே திரும்பிப் போகிறது. வெப்பத்தில் செம்பு விரியும் அளவும் கார்பன் விரியும் அளவும் வேறு. பூச்சு வெடித்து வலை வெளித்தெரிவது பற்றி கத்தார் ஏர்வேஸுக்கும் ஏர்பஸுக்கும் லண்டன் நீதிமன்றத்தில் நடந்த வழக்கு 2023 பிப்ரவரியில் சமரசத்தில் முடிந்தது. அது பூச்சு சார்ந்த குறை, பறப்புப் பாதுகாப்பைத் தொடவில்லை என்பதே ஏர்பஸின் நிலை. மாலைதோறும் இடி இடிக்கும் கிள்ளான் பள்ளத்தாக்கில் இயக்குபவருக்கு அந்த வழக்கு அயல்நாட்டுச் செய்தி ஆகாது: தரையில் நின்று தோலைச் சோதிக்கும் ஒவ்வொரு மணியும் பறக்காத மணி.

போயிங் 787-உம் இதே பொருளால் ஆனது; செய்முறை வேறு. போயிங் உடற்கூட்டை முழு வளையங்களாகச் சுற்றி எடுக்கிறது. ஏர்பஸ் நீண்ட பலகைகளாக வார்த்துச் சட்டகத்தின் மேல் பொருத்துகிறது. வளையத்தில் இணைப்புகள் குறைவு, எடையும் மிச்சம். பலகையில் ஒவ்வோர் இடத்துக்கும் வேண்டிய தடிப்பைத் தனித்தனியே தேர்ந்துகொள்ளலாம். எது மேல் என்று பொதுவில் தீர்ப்புச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

5. நான்கு எஞ்சினா, இரண்டா: வெப்பம் கேட்கும் கேள்வி

பெரிய விமான எஞ்சின்கள் கடல்மட்டத்தில் சுமார் 30 பாகை வெப்பம் வரை முழு உந்துவிசை தரும்படி வரையறுக்கப்படுகின்றன. அதற்கு மேல் காற்று சூடேறினால் விசை குறையும். சிப்பாங்கில் பிற்பகல் வெப்பம் 32, 33 பாகை என்பது அன்றாடம். ஆகவே இங்கே பகலில் எழும்பும் விமானம் பெயர்ப்பலகை விசையைவிடச் சற்றுக் குறைவான விசையோடுதான் எழும்புகிறது. நீண்ட ஓடுபாதை அதை மறைத்துவிடுகிறது.

இரண்டு எஞ்சின் விமானம் ஒன்றை இழந்தாலும் ஏற வேண்டும் என்பது சட்டம். அதாவது பாதி விசையோடு. அதனால் இயல்பு நேரத்தில் அதனிடம் விசை மிகுதி. நான்கு எஞ்சின் விமானம் ஒன்றை இழந்தால் கால்பங்கு மட்டுமே போகும். ஆகவே அதற்குச் சிறிய எஞ்சின்கள் போதும். கணக்கில்: ஏ350-900-இன் மொத்த விசை அதன் உச்ச எடையில் 27 விழுக்காடு அளவு, ஏ340-300-இல் 22. தன் எடைக்கு அளவான விசை என்பது ஏ340-இன் சிக்கனம். வெப்பக் காற்றில் அதுவே மந்தமான ஏற்றம்.

ஏர்ஏசியா எக்ஸ் 2009 மார்ச்சில் லண்டன் ஸ்டான்ஸ்டெட்டுக்குப் பறக்கத் தொடங்கியபோது பயன்படுத்தியது பழைய ஏ340-300 இரண்டு. வாங்கும் விலை மலிவு. எரிபொருளும் நான்கு எஞ்சின்களின் பராமரிப்பும் அந்த மலிவை விழுங்கின. பிரிட்டனின் பயணி வரியும் சேர்ந்துகொண்டது. பின்னர் கேட்விக்குக்கு மாறிய அந்தச் சேவை 2012 மார்ச் இறுதியில் நின்றது. மலிவுக் கட்டண நிறுவனம் ஒன்றுக்கு நெடுந்தூரம் ஒத்துவராது என்று அன்று பலர் எழுதினார்கள். அவர்கள் சோதித்துப் பார்த்தது ஏ340-ஐ; அந்தக் கருத்தை அல்ல என்றே நான் கருதுகிறேன்.

6. வராத 787, வந்த ஏ330நியோ

2017 செப்டம்பரில் அன்றைய பிரதமரின் வாஷிங்டன் பயணத்தின்போது, எட்டு 787-9 வாங்கும் புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் மலேசியா ஏர்லைன்ஸ் கையெழுத்திட்டது. விமானம் வரவில்லை. 787-9-இன் வீச்சு சுமார் 14,000 கிலோமீட்டர்: மீண்டும் நம் வெற்றிடத்தின் விளிம்பு. எஞ்சினிலிருந்து பெரும்பாலும் அழுத்தக் காற்றை எடுக்காமல் பலவற்றை மின்சாரத்தால் இயக்கும் அதன் ஏற்பாடு எரிபொருளைச் சேமிக்கிறது. பதிலுக்குப் பெரிய மின்னாக்கிகளும் அவற்றைக் குளிர்விக்கும் கருவிகளும் வேண்டியிருக்கின்றன.

2022 ஆகஸ்டில் மாஸ் தேர்ந்தது இருபது ஏ330-900. 2025 ஜூலையில் இன்னும் இருபதுக்கு ஒப்பந்தம். உடற்கூடு 1990-களின் அலுமினியக் குழாய். இறக்கையை 60.3-லிருந்து 64 மீட்டராக நீட்டி, புதிய டிரென்ட் 7000 எஞ்சினை மாட்டியிருக்கிறார்கள். 787-இல் ஒரு தேர்வாக இருக்கும் டிரென்ட் 1000-இன் வழித்தோன்றல் அது. பழைய ஏ330-இன் குளிரூட்டல் அமைப்புக்கு அழுத்தக் காற்று வேண்டும் என்பதால், 787-க்காக எடுத்துவிட்ட அந்த வழியை மீண்டும் சேர்க்க வேண்டியிருந்தது. புதிய எஞ்சின் பழைய உடலுக்காகத் தன் சிறப்பில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தது.

வீச்சு சுமார் 13,300 கிலோமீட்டர், இருக்கை 297, வெற்று எடை சுமார் 135 டன், இருக்கைக்கு 450 கிலோ அளவு. கார்பன் உடல் இல்லாமலேயே ஏ350-ஐவிட இலேசான எண். காரணம், 15,000 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும் ஏற்பாட்டை இது சுமக்கவில்லை. முதல் வகுப்பு இல்லை என்பதும் கணக்கில் சேரும்.

இவ்வளவு சொன்ன பிறகு என் வாதத்துக்கு எதிரான ஒன்றையும் வைக்க வேண்டும். 2014-க்குப் பிறகு உக்ரைன் வான்வெளியும், அதன் பின் அவ்வப்போது மேற்காசிய வான்வெளிகளும் மூடப்பட்டதில், 10,600 கிலோமீட்டர் என்பது வரைபடத்து எண்ணாகிவிட்டது. சுற்றிப் போகும் நாளில், எதிர்க்காற்றோடு, சரக்கை இறக்காமல் லண்டனை அடையும் உறுதியை ஏ350-இன் கூடுதல் வீச்சு தருகிறது. 2025 மார்ச்சில் பாரிஸ் சேவை மீண்டும் தொடங்கியபோது அதற்கும் ஏ350-ஐயே அனுப்பினார்கள்.

7. இருக்கை

உடற்கூட்டின் குறுக்களவு ஒருமுறை முடிவானால் முப்பது ஆண்டுக்கு மாறாது. பயணியின் தோள் அதற்குள் அடங்க வேண்டும். ஏ330-இன் புறக்குறுக்களவு 5.64 மீட்டர். வரிசைக்கு எட்டு இருக்கை, இரண்டு நான்கு இரண்டு, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 18 அங்குலம். இணையாகப் பயணிக்கும் இருவருக்கு இதைவிட நல்ல அமைப்பு இல்லை. சுற்றளவை ஒரு வரிசையின் தலைகளுக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 2.2 மீட்டர் தோல். ஒன்பது இருக்கை போடும் ஏ350-இல் 2.1. தோல் என்றால் உராய்வு, எடை, காசு. மாஸின் பழைய 777-இல் இரண்டு ஐந்து இரண்டு என்று இருக்கை போட்டிருந்தார்கள். ஐவரில் நடுவில் மாட்டியவரின் இரவை விவரிக்கத் தேவையில்லை. பின்னாளில் பல நிறுவனங்கள் அதே உடலில் பத்தாவது இருக்கையைத் திணித்தன.

ஏர்ஏசியா எக்ஸ் தன் ஏ330-300-இல் வரிசைக்கு ஒன்பது இருக்கை வைத்தது. அகலம் பதினாறரை அங்குலம், மொத்தம் 377 இருக்கை. ஆளுக்குரிய தோல் இரண்டு மீட்டருக்குக் கீழே இறங்கியது. வெற்று எடை இருக்கைக்கு 330 கிலோ அளவு. கார்பன் இழையும் புது எஞ்சினும் இல்லாத முந்தைய தலைமுறை விமானம், இக்கட்டுரையில் வந்த எல்லா எடைக் கணக்குகளையும் இருக்கைகளை நெருக்கிப் போட்டே தாண்டிவிடுகிறது. கோல்ட் கோஸ்டுக்கு எட்டு மணிநேரம் அதில் உட்கார மக்கள் சம்மதித்தார்கள். லண்டனுக்குப் பதினான்கு மணிநேரம் சம்மதிப்பார்களா என்பதை எந்த உற்பத்தியாளரின் வரைபடமும் சொல்லாது; மாஸ் தன் ஏ330நியோவில் எட்டோடு நிறுத்திக்கொண்டது.